ஊர்காவற்றுறைக்குப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணம் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் பண்ணைப் பாலம் கடந்து வேலணை வரை வருகிறார்கள். அங்கிருந்து புங்குடுதீவுப் பக்கம் திரும்பி, குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குப் போய்விடுகிறார்கள். வேலணை இருக்கும் அதே தீவின் மற்ற முனையில் உள்ள பழைய துறைமுக ஊரான ஊர்காவற்றுறையை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. என் தாயாரின் ஊர் இது. தெரிந்தவர்களும் வெளிநாட்டிலிருந்து வரும் உறவுக்காரரும் ஆண்டுதோறும் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஊர்காவற்றுறை எங்கே இருக்கிறது?

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து மேற்கே, தெருவழியே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பண்ணைப் பாலத்தால் கடலைக் கடந்து மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணைப் பக்கம் போனால், கரம்பொன்னும் தாண்டித் தெரு முடிகிற இடம்தான் ஊர்காவற்றுறை. அப்புறம் தண்ணீர். தண்ணீருக்கு அந்தப் பக்கம் காரைநகர். தீவு முழுவதையும் வேலணைத்தீவு என்போம். ஒல்லாந்தர் தங்கள் நாட்டு ஊர்ப் பெயரை வைத்து லைடன் என்றார்கள். காரைநகரை அம்ஸ்டர்டாம், புங்குடுதீவை மிடில்பேர்க், நெடுந்தீவை டெல்ஃப்ற் என்று எழுதினார்கள். இவற்றில் டெல்ஃப்ற்தான் இன்றைக்கும் அரசாங்கப் பலகைகளில் நிற்கிறது.

இது கடற்கரை ஊரா, ஏரிக்கரை ஊரா?

இரண்டும் என்றுதான் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் தீவுகளுக்கும் இடையே கிடக்கும் தண்ணீரைப் பாடப்புத்தகம் கடல்நீரேரி என்கிறது. ஊரில் பரவைக்கடல் என்பார்கள். ஆழமில்லாத, அலையில்லாத, சேறும் சாதாளையும் நிறைந்த கடல். பண்ணைப் பாலத்தில் பஸ் போகும்போது யன்னலால் பாருங்கள். கரையிலிருந்து வெகுதூரத்தில் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்தபடியே வலை பார்த்துக்கொண்டிருப்பார். கம்புகளை வரிசையாக நட்டு, மீன் நுழைந்தால் திரும்பி வர முடியாதபடி வலை கட்டியிருப்பார்கள். அதுதான் களங்கண்டி. பின்னேரத்தில் அந்தக் கம்பு ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கடற்காகம் இருக்கும்.

ஊர்காவற்றுறை இந்தப் பரவைக்கடலின் வாசல். காரைநகருக்கும் இதற்கும் நடுவே ஓடும் நீர்வழி ஆழமானது. யாழ்ப்பாணப் பட்டினத்துக் கரைக்குப் பெரிய கப்பல் கிட்ட முடியாது, தரை தட்டிவிடும். அதனால் கப்பல்கள் இங்கே நங்கூரம் போட, சரக்கைச் சிறு வள்ளங்களில் ஏற்றிப் பட்டினத்துக்கு அனுப்பினார்கள். ஊரின் கதை முழுவதும் இந்த ஆழத்திலிருந்து வருவதுதான்.

கயிற்ஸ் என்றும் சொல்கிறார்களே, எது சரியான பெயர்?

பஸ்ஸில் எழுதியிருப்பதும் ஊரவர் சொல்வதும் ஊர்காவற்றுறை. ஊர்காவற்துறை என்று எழுதுவோரும் உண்டு. சுருக்கிக் காவலூர் என்பார்கள். காவலூர் இராசதுரை போல எழுத்தாளர்கள் அந்தப் பெயரைத் தங்கள் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார்கள். கயிற்ஸ் என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. அவர்கள் மொழியில் 'கைஸ்' என்றால் கப்பலைக் கட்டி நிறுத்தும் துறை, இறங்குதுறை. இந்த இடத்தை யானைகளின் இறங்குதுறை என்றே அவர்கள் எழுதினார்கள்.

எல்லாவற்றிலும் பழைய பெயர் ஊராத்துறை. சிங்களத்தில் ஊராதொட்ட, பாளியில் சூகரதித்த. இரண்டுக்கும் பன்றித்துறை என்று பொருள். ஊரைக் காவல் காக்கும் துறை என்ற விளக்கம் பிற்காலத்தில் ஒலியை வைத்துப் பொருத்தியது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த விளக்கம் ஊருக்குப் பொருந்தத்தான் செய்கிறது.

எவ்வளவு பழைய ஊர் இது? ஆதாரம் ஏதும் உண்டா?

உண்டு. என்னைக் கேட்டால், ஊர்காவற்றுறையைப் பார்க்கப் போகிறவர் முதலில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போய் அங்குள்ள கல்லைப் பார்த்துவிட்டு வர வேண்டும். உடைந்த கல். அதில் இருப்பது தமிழ்க் கல்வெட்டு. வெட்டுவித்தவர் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. 12ஆம் நூற்றாண்டு. சிங்கள அரசர் ஒருவர் தன் கட்டளையைத் தமிழில் வெட்டுவித்திருக்கிறார் என்றால், இந்தத் துறைக்கு வந்துபோன வணிகர் எந்த மொழியில் வாசித்தார்கள் என்பது விளங்கும்.

கட்டளை என்ன? பரதேசிகள், அதாவது பிற நாட்டார், ஊராத்துறையிலே வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால், மீட்ட பொருளில் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிய வணிக மரக்கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. கரையில் ஒதுங்கியதெல்லாம் அரசனுக்கே என்று ஒரேயடியாக எடுத்துக்கொள்ளக்கூடிய காலத்தில், கப்பல் உடைந்து கையறுநிலையில் நிற்கும் அந்நியனுக்கு இவ்வளவு உன் பங்கு என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். யானைக்கும் குதிரைக்கும் தனிச் சலுகை கொடுத்ததன் காரணம் ஊகிக்கக் கூடியதுதான். படைக்கு அவை தேவை. வணிகன் பயந்து வராமல் விட்டால் நட்டம் அரசனுக்கு.

அதே நூற்றாண்டில் தமிழ்நாட்டில் திருவாலங்காட்டுச் சோழர் கல்வெட்டிலும் ஊராத்துறை வருகிறது, வேறு கோணத்தில். இரண்டாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு அது. பராக்கிரமபாகு படையும் மரக்கலங்களும் சேர்த்து வைத்த இடங்களாக ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் என்ற ஊர்களைச் சொல்லி, அவற்றை அழித்ததையும் யானைகளைப் பிடித்ததையும் சொல்கிறது.

மண்ணுக்குள்ளும் ஆதாரம் இருக்கிறது. போகிற வழியில் உள்ள அல்லைப்பிட்டியில் 1977இல் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் சீனப் பீங்கான் துண்டுகளைக் கண்டெடுத்தார். அவை சொங் அரச காலத்தவை, 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. 2018இல் ஷங்காய் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள் வந்து மறுபடி அகழ்ந்தார்கள். பண்ணைப் பாலமும் பஸ்ஸும் இல்லாத காலத்தில் இந்த மணல்தீவுக்குச் சீனக் கோப்பை வந்திருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

யானை எங்கிருந்து வந்தது? இங்கே காடே இல்லையே?

வன்னிக் காட்டிலிருந்து. பிடித்த யானைகளைக் குடாநாட்டுக்குள் இறக்கிக் கொண்டுவந்த கடவை ஆனையிறவு, பெயரே சொல்கிறது. அங்கிருந்து நடத்திக்கொண்டு வந்து இந்தத் துறையில் மரக்கலம் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். யாழ்ப்பாண அரசர் காலத்திலேயே நடந்த வியாபாரம் இது. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகும் தொடர்ந்தது. ஒல்லாந்தர் காலத்தில் இலாபம் கொழித்தது. இறங்குதுறையில் நின்று அந்தப் பெரிய உடம்பை எப்படி மரக்கலத்துக்குள் இறக்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்காமல் நான் ஒருமுறையும் திரும்பியதில்லை.

தண்ணீருக்கு நடுவில் தெரியும் கோட்டை எது?

கடற்கோட்டை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஒரு சிறு திட்டில், எட்டு மூலையாக, தண்ணீரிலிருந்தே எழுந்தது போல நிற்கும். போர்த்துக்கேயர் கட்டியது. முருகைக்கல்லும், அதாவது கடலில் வளரும் பவளக்கல்லும், சுண்ணாம்பும். ஒல்லாந்தர் இதற்கு ஹமன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். இலங்கை வரைபடம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித்தொடை போலத் தெரிந்ததாம், அந்தத் தொடையின் குதிக்கால் இந்த இடமாம். பன்றித்துறை என்ற பழம்பெயரையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வியப்பு வரும், ஆனால் இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையை முற்றுகையிட்ட அதே படையெடுப்பில் இதையும் வளைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் சரணடைந்ததற்குக் காரணம் பீரங்கி மட்டுமல்ல, குடிதண்ணீர் இல்லாமல் போனதும்தான். நாலு பக்கமும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. தீவுப்பகுதியில் வளர்ந்த எவருக்கும் அது விளங்கும். பிடித்த ஒல்லாந்தர் பாடம் படித்துக்கொண்டு, மழைநீர் சேர்க்கும் தொட்டியைச் சரியாகக் கட்டினார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் இது சிறையாகவும் தொற்றுநோயாளரை வைக்கும் இடமாகவும் இருந்தது. 1971இல் ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சி அரசாங்கத்துக்கு எதிராகச் செய்த கிளர்ச்சியின்போது பிடிபட்ட இளைஞர்களையும் இங்கே அடைத்தார்கள். இப்போது கடற்படை இதை விடுதியாக நடத்துகிறது. உள்ளே போகக் காரைநகர்ப் பக்கத்திலிருந்துதான் படகு. ஊர்காவற்றுறைக் கரையில் நின்று பார்ப்பதற்கு அனுமதியும் வேண்டாம், காசும் வேண்டாம். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு, வெயில் மேற்கிலிருந்து சுவரில் விழும்போது பாருங்கள்.

அதைப் பூதத்தம்பி கோட்டை என்றும் சொல்கிறார்களே?

அது ஊர்க்கதை. என் அம்மம்மா சொன்னபடி சொல்கிறேன். ஒல்லாந்தர் ஆட்சியின் தொடக்கத்தில் பூதத்தம்பி என்ற பெரிய உத்தியோகத்தர் இருந்தார். அவர் மனைவி அழகவல்லி. கூட உத்தியோகம் பார்த்த அந்திராசி, விருந்துக்கு வந்த இடத்தில் அழகவல்லியைக் கண்டு ஆசைப்பட்டுத் தூது விட்டான். அவள் அவமதித்து அனுப்பினாள். அவன் வன்மம் வைத்து, கடற்கோட்டை வேலைக்கு மரம் எடுப்பிக்க வேண்டும் என்று சொல்லி, வெறுந்தாளில் பூதத்தம்பியின் கையெழுத்தை வாங்கினான். அதன்மேல் போர்த்துக்கேயருக்கு எழுதிய சதிக்கடிதம் போல நிரப்பிக் காட்டிக்கொடுத்தான். பூதத்தம்பிக்கு மரண தண்டனை.

1658இல் புதிய ஆட்சிக்கு எதிராக ஒரு சதி நடந்து ஒல்லாந்தர் பலரைக் கொன்றது வரலாறு. அழகவல்லியும் வெறுந்தாளும் மக்கள் சேர்த்துப் பாதுகாத்த பகுதி. யாழ்ப்பாணத்தில் இது நாடகமாகவும் கூத்தாகவும் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டது. 'வெறுந்தாளில் கையெழுத்து வைக்காதே' என்று அம்மம்மா ஒவ்வொரு தடவையும் கதையை நிறுத்தி எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

தரையிலும் ஒரு கோட்டை இருந்ததா?

இருந்தது. கடற்கோட்டைக்கு நேரெதிரே ஊர்காவற்றுறைக் கரையில் போர்த்துக்கேயர் கட்டிய இன்னொரு கோட்டையின் சிதைவு உண்டு. இரண்டும் சேர்ந்து நீர்வழியை இரு பக்கமும் காவல் காத்தன. இப்போது சுவரின் சில பகுதிகள்தான் மிச்சம். கிட்டப் போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். முருகைக்கல்லில் மூளை மடிப்புப் போன்ற வரிகள் அப்படியே இருக்கும், சுண்ணாம்புச் சாந்துக்குள் சிப்பித் துண்டுகள் பதிந்திருக்கும். கடலை வெட்டி எடுத்துச் சுவராக அடுக்கியிருக்கிறார்கள். இதற்கு ஒரு வேலியும் நாலு வரி எழுதிய பலகையும் ஒழுங்காக வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆதங்கம். தயவுசெய்து சுவரின்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். ஒரு கல் கழன்றால் திருப்பி வைக்க ஆள் இல்லை.

இவ்வளவு பெரிய துறைமுகம் ஏன் இப்படி அமைதியானது?

ஒரே நாளில் நடந்ததில்லை. ஆங்கிலேயர் காலத்திலும் பாய்க்கப்பல்கள் இங்கிருந்து சோழமண்டலக் கரைக்குப் போய்வந்தன. யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூரில் நல்ல கிராக்கி. அரிசி, ஓடு, துணி அங்கிருந்து வந்தன. 1905இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் பாதை முழுமையானதும் சரக்கு ரயிலில் ஏறிவிட்டது. பிறகு நீராவிக் கப்பல் பெரிதாகிப் பாய்க்கப்பல் அருகியது. 1948க்குப் பிறகு கடலுக்கு நடுவே எல்லை வந்தது. பாஸ்போட்டும் விசாவும் இல்லாமல் அக்கரைக்குப் போய்வந்த குடும்பங்களுக்கு அந்த வழி அடைபட்டது. காங்கேசன்துறை வளர்ந்தது. கடைசியில் போர்.

தெருவோரம் ஏன் இத்தனை வெறும் வீடுகள்?

1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதிக்குள் இறங்கியபோது மக்கள் கையில் எடுத்ததோடு இடம்பெயர்ந்தார்கள். குடாநாட்டுக்குள் ஓடினார்கள், அங்கிருந்து கொழும்பு, அங்கிருந்து பாரிஸ், சூரிச், ரொறன்ரோ. சிலர் சில ஆண்டுகளில் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. கூரை போன நாற்சார் வீட்டுக்குள் ஆலமரம் முளைத்து நிற்பதை வழியெங்கும் காண்பீர்கள். அல்லைப்பிட்டியில் 2006 ஆகஸ்ட் 13 அன்று பிலிப்பு நேரியார் கத்தோலிக்க ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மேல் எறிகணை விழுந்து பலர் இறந்தார்கள். அந்தத் தெருவால்தான் நீங்கள் ஊர்காவற்றுறைக்குப் போகிறீர்கள். வெறும் வீட்டுக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டு படம் எடுக்கும் முன், அந்த வீட்டாரும் இன்னும் எங்கோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இதைக் கோபமாகச் சொல்லவில்லை, கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஊரில் பிறந்த பெரியவர்கள் யார்?

பலர் உண்டு, நான் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தனிநாயகம் அடிகள். 1913 ஆகஸ்ட் 2இல் கரம்பொன்னில் பிறந்தவர். கத்தோலிக்கக் குரு. 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தொடங்கக் காரணமாக இருந்தவர். முதலாவது உலகத் தமிழ் மாநாட்டை 1966இல் கோலாலம்பூரில் நடத்தியவர். அந்தாவ் தெ புரோயென்சா தொகுத்து 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு மறுபடி அச்சுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். போர்த்துக்கேயர் பெயர் வைத்த துறையின் பக்கத்தில் வளர்ந்த பிள்ளை, போர்த்துக்கேயர் எழுதி மறந்த தமிழ் அகராதியைத் தேடி எடுத்ததை நினைக்க எனக்கு எப்போதும் பெருமை. 1980இல் காலமானார்.

எப்படிப் போவது?

யாழ்ப்பாண மத்திய பஸ் நிலையத்திலிருந்து அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் உண்டு. ஏறக்குறைய ஒரு மணி நேரம் வையுங்கள். ஓட்டோ பேசினால் போகவர, காத்து நிற்க எல்லாம் சேர்த்து முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். என் விருப்பம் மோட்டார் சைக்கிள். தெரு சமதரை, ஏற்றமே இல்லை. காற்றுத்தான் சண்டை பிடிக்கும். சைக்கிளில் போகிறவர்கள் சோளகக் காலத்தில், அதாவது மே முதல் செப்டெம்பர் வரை, எதிர்காற்றை எண்ணிக் காலையிலேயே புறப்பட வேண்டும். கடைகள் குறைவு, நிழல் அதைவிடக் குறைவு. தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் பண்ணையைத் தாண்டாதீர்கள்.

'பாதை'யில் போகலாம் என்றார்கள். எந்தப் பாதை?

இது வெளியூர்க்காரர் எல்லாரும் குழம்பும் இடம். இங்கே பாதை என்றால் தெரு இல்லை. ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் தட்டையான மிதவை. ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு ஓடுகிறது, இலவசம். கடக்கும் தூரம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஓட்டோ, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம், மீன்பெட்டி எல்லாம் ஏறியதும் மெல்ல நகரும். வெயிலில் சூடான இரும்புத் தட்டில் கால் வைக்க முடியாது. ஆட்கள் ஓட்டோவின் நிழலில் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். நடுவில் வரும்போது கடற்கோட்டை கிட்டத் தெரியும், தண்ணீரின் நிறம் மாறுவதும் தெரியும். கரையில் பாசிப்பச்சை, நடுவில் கருநீலம். நான் முன்னே சொன்ன ஆழம் அதுதான்.

பாதை பழுதுபட்டு நிற்கும் நாட்களும் உண்டு. ஒருமுறை காரைநகரில் கலியாணத்துக்கு என்று வேட்டி சால்வையோடு வந்து இறங்குதுறையில் நின்றேன், அன்றைக்கு ஓடவில்லை. கண்ணுக்கு முன்னால் தெரிகிற ஊருக்கு, பட்டினம் வரை திரும்பிப் போய்ப் பொன்னாலைப் பாலத்தால் சுற்றி வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. ஆகவே புறப்படும் முன் ஊரில் யாரையாவது கேளுங்கள். இங்கே ஒரு பாலம் வேண்டும் என்று தீவகத்தார் எத்தனையோ காலமாகக் கேட்கிறார்கள். நோயாளியை ஏற்றிக்கொண்டு இரவில் வந்து நிற்பவருக்குக் கலியாணம் தப்பியது போல இலேசான விஷயம் இல்லை அது.

வேறு தீவுகளுக்கு இங்கிருந்து படகு உண்டா?

அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் இங்கிருந்துதான் படகு. நயினாதீவு, நெடுந்தீவுப் படகுகள் குறிகட்டுவானிலிருந்து. அனலைதீவும் எழுவைதீவும் சுற்றுலாக் கூட்டம் போகாத ஊர்கள், படகு நாளுக்குச் சில தடவைதான். போகிற நேரத்தைவிடத் திரும்பும் நேரத்தை முதலில் கேட்டு வையுங்கள்.

எந்த மாதம் நல்லது?

பெப்ரவரி, மார்ச். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் முறுகியிராது, கடல் கண்ணாடி போலக் கிடக்கும். ஒக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மாரி, படகு நிற்கக்கூடும். ஆனால் பறவை பார்க்கிறவர்களுக்கு மாரியும் அதையொட்டிய மாதங்களும்தான் காலம். வலசை வரும் பறவைகள் பரவைக்கடலில் இறங்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டம் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு போலத் தெரியும். கிட்டப் போக முயலாதீர்கள், சேறு இழுக்கும், பறவையும் எழும்பிவிடும். ஆனி மாதம் நயினாதீவுத் திருவிழா, அப்போது தீவுத் தெரு முழுக்க வாகனம்.

ஒரு நாள்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

விடியப் புறப்பட்டு முதலில் நயினாதீவு. அம்மனையும் கல்வெட்டையும் பார்த்துவிட்டுப் பதினொரு மணிக்குள் குறிகட்டுவானுக்குத் திரும்புங்கள். வேலணையில் மத்தியானச் சாப்பாடு. பிறகு கரம்பொன் வழியாக ஊர்காவற்றுறை. கத்தோலிக்க ஆலயங்களின் உயர்ந்த முகப்புகள், தரைக்கோட்டைச் சிதைவு, இறங்குதுறை. நாலு மணிபோல் பாதையில் காரைநகருக்குப் போனால், கசூரினாக் கடற்கரையில் காலை நனைத்துவிட்டு, பொன்னாலைப் பாலத்தால் இருட்ட முன் யாழ்ப்பாணம் சேரலாம். ஈழத்துச் சிதம்பரம் என்று சொல்லும் காரைநகர்ச் சிவன் கோயிலும் அந்த வழியில்தான். இப்படிச் சுற்றினால் வந்த தெருவால் திரும்பிப் போக வேண்டியதில்லை.

நேரம் போதாவிட்டால் கசூரினாவை விடுங்கள், இறங்குதுறையை விடாதீர்கள்.

கடலில் குளிக்கலாமா?

ஊர்காவற்றுறையில் வேண்டாம். நீரோட்டமும் படகும் உள்ள இடம். வேலணைப் பக்கம் சாட்டிக் கடற்கரை, அக்கரையில் கசூரினா, இரண்டும் ஆழமில்லாத மணற்கரைகள். சாட்டி, மண்கும்பான் பக்கத்து மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் கிடைப்பது இன்னொரு விசேஷம். மழைநீர் மணலில் இறங்கி உப்புநீருக்கு மேலே தங்கி நிற்கும். தீவுப்பகுதியின் பல ஊர்கள் அந்தத் தண்ணீரை நம்பியே இருந்தன. குளித்துவிட்டுக் கிணற்றில் உடம்பு கழுவும்போது அளவாக அள்ளுங்கள். கூட இறைத்தால் கீழே உள்ள உவர் மேலே வந்துவிடும்.

சாப்பாடு எப்படி?

நண்டு, இறால், கணவாய். பரவைக்கடல் நண்டுக்கு ஒரு தனி இனிப்பு உண்டு. முருங்கையிலையும் யாழ்ப்பாணத்துக் கறித்தூளும் போட்டுக் குழம்பாக வைத்தால் பிட்டுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். கடைகளில் நினைத்த நேரம் கிடைக்காது, முதல்நாள் சொல்லிவைத்தால் சமைத்துத் தருவார்கள். யாராவது வீட்டில் ஒடியற்கூழுக்கு, அதாவது காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் கூழுக்கு, கூப்பிட்டால் வேறு வேலையை ஒத்திவையுங்கள். மீன்தலை, நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் பெரிய பானையில் வெந்ததும் ஒடியல்மாவைக் கரைத்து விட்டு, புளியும் அரைத்த மிளகாயும் சேர்ப்பார்கள். பலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்தி, அதில் ஊற்றிக் குடிப்பார்கள். மூக்கும் கண்ணும் ஒன்றாக ஓடும்.

தங்க இடம் உண்டா?

பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில் தங்கித்தான் போய்வருகிறார்கள். கடற்கோட்டை விடுதியில் இரவு தங்க விரும்பினால் முன்கூட்டியே பதிய வேண்டும்.

உடுப்பு, படம் எடுப்பது, இவற்றில் கவனிக்க ஏதும்?

கோயிலில் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும். ஆலயத்துக்கும் கோயிலுக்கும் முழங்காலை மூடிய உடுப்பு. கடற்படை முகாம்களைப் படம் எடுக்கக் கூடாது. கடலில் வேலி அடைத்த இடங்கள் தெரிந்தால் அவை கடலட்டைப் பண்ணைகள், உள்ளே இறங்காதீர்கள். அவற்றால் சிலருக்கு வருமானம், களங்கண்டிக்காரருக்கு இடம் போன மனவருத்தம். ஊரில் அதைப் பற்றிக் கதை எழுந்தால் இரண்டு பக்கத்தையும் கேளுங்கள்.

எங்கள் பாட்டனார் வீடு அந்தப் பக்கம் இருந்ததாம். எப்படித் தேடுவது?

இந்தக் கேள்வி இப்போது கூடிக்கொண்டே வருகிறது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், இருந்தால் பிரதி கொண்டுவாருங்கள், காணியின் பெயர் அதில் இருக்கும். கிராம அலுவலரிடம் போகலாம். ஆனால் அதற்கு முன் சந்தித் தேத்தண்ணீர்க் கடைக்குப் போங்கள். அங்கே இருக்கும் வயதானவர் முதலில் கேட்பது, 'நீங்கள் ஆற்றை பிள்ளை?', அதாவது யாருடைய பிள்ளை, என்றுதான். பாட்டனார் பெயர், அவர் செய்த தொழில், கும்பிட்ட கோயில் அல்லது ஆலயம், குடும்பத்துக்கு ஊரில் வழங்கிய பட்டப்பெயர், இவ்வளவையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். முகவரி உதவாது, வேலியும் ஒழுங்கையும் மாறிவிட்டன.

போன வருடம் ரொறன்ரோவிலிருந்து ஒரு தங்கச்சி வந்தாள். பாட்டி 'சங்கடப்படலை வீடு' என்று சொல்வார் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். சங்கடப்படலை என்றால் கூரை போட்ட வாசல், வழிப்போக்கர் வந்து இருந்து களை ஆற, இரு பக்கமும் திண்ணை வைத்துக் கட்டுவார்கள். கடையில் இருந்த மூன்று ஐயாமார் எந்தச் சங்கடப்படலை என்று கால் மணி நேரம் தர்க்கப்பட்டார்கள். பாட்டி பூவரசம் வேலியால் கிணற்றுக்குப் போவாராம் என்று அவள் நடுவில் சொன்னாள். ஒருவர் எழும்பி, குடித்த தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு, 'என்ரை பின்னாலை வா பிள்ளை' என்று முன்னே மிதித்தார்.